கிளைமேட் மேடம்

அவர் மனிதர்களைத் திட்டி நான் கேட்டதில்லை. மேகத்தைத் திட்டுவார். வெயிலைத் திட்டுவார். ரோட்டின் சரிவையும், கேரட் கழுவிவிட்ட சேற்றுத் தண்ணீரையும், பள்ளத்திலிருந்து ஏறி வரும் ஈரக்காற்றையும் வரிசையாக நிற்க வைத்துத் திட்டுவார். ஆனால் வண்டியை எதிலாவது உரசிக்கொண்டு வந்து நிற்கும் டிரைவரைப் பார்த்தால், "மொதல்ல டீயக் குடிங்க. வெளிய என்ன இருந்துச்சுன்னு அப்புறமாச் சொல்லுங்க" என்பார். நீ என்ன செய்தாய் என்ற கேள்வியை அவர் வாயிலிருந்து வரவழைக்க யாராலும் முடிந்ததில்லை.

எனக்கு இது சுத்தமாகப் பிடிக்காது. குன்னூரில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். எஸ்டேட் ஆட்களையும் கம்பெனி ஆட்களையும் ஏற்றி இறக்கும் முப்பது சொச்சம் வேன்களுக்கு நான் சூப்பர்வைசர். அதற்கு முன்னால் இருபது வருஷம் கோயமுத்தூரில் பஸ் டைம்கீப்பர். ஒரு டிரைவர் வண்டியை விட்டு இறங்குகிற தினுசைப் பார்த்தே அவன் தூங்கினானா, குடித்தானா, வீட்டில் சண்டையா என்று சொல்லிவிடுவேன். பாதி தடவை சரியாக இருக்கும். மீதிப் பாதியை நான் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

அப்போதுதான் ஹெட் ஆபீஸ்காரர்கள் ஒவ்வொரு வேனிலும் கேமரா மாட்டினார்கள். ஒரு கண் டிரைவர் முகத்தைப் பார்க்கும், இன்னொன்று ரோட்டைப் பார்க்கும். டிரைவர் கண்ணை மூடினால், கொட்டாவி விட்டால், போன் பேசினால், வெடுக்கென்று பிரேக் அடித்தால் எங்கள் ஆபீஸ் திரையில் மணி அடிக்கும். வண்டிக்குள்ளேயும் ஒரு பெண்குரல் இங்கிலீஷில் கண்டிக்கும். மாதக் கடைசியில் ஒவ்வொரு டிரைவருக்கும் பச்சையோ மஞ்சளோ சிவப்போ விழும். தொடர்ந்து மூன்று மாதம் சிவப்பு என்றால் மலை வண்டியிலிருந்து இறக்கிக் கோயமுத்தூர் குடோனுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அந்தத் திரையைப் பார்ப்பதற்கென்று வந்தவர்தான் அவர். முப்பத்தைந்து வயது இருக்கும். சொந்த ஊர் தேவாலா. அந்த ஊரில் பாதி வருஷம் மழை பெய்யும், மீதி வருஷம் மழை எப்போது வரும் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். வெயில் நாளிலும் குடையோடுதான் வருவார். வந்த வாரமே டிரைவர்கள் கிளைமேட் மேடம் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

முதல் மாதம் அத்தனை வண்டியும் சிவப்பு. எனக்கு உள்ளூர ஒரு திருப்தி. நான் சொன்னபோது நம்பாதவர்கள் இப்போது மெஷின் சொல்வதை நம்பித்தானே ஆகவேண்டும். இன்னொரு கூத்தும் நடந்தது. வண்டிக்குள் பேசும் பெண்குரலை மேடத்தின் குரல் என்றே டிரைவர்கள் நினைத்துவிட்டார்கள். "இல்லீங்க மேடம், தூங்கலீங்க, கண்ணுல தூசிங்க" என்று கேமராவிடம் மன்றாடிக்கொண்டே வண்டி ஓட்டினார்கள். கேத்தி வண்டிக்காரர் தினமும் சாவியைத் திருகியதும் அதற்குக் குட்மார்னிங் சொல்வார்.

மேடம் மட்டும் திரையில் ஒவ்வொரு வண்டியின் படத்தையும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்.

"அண்ணா, கீழ இருந்து ஏறி வர்ற வண்டியில அத்தனை பேரும் ஒரே வளைவுலதான் கொட்டாவி விடறாங்க. ஒரே எடத்துல எல்லாருக்கும் எப்படித் தூக்கம் வரும்?"

"எல்லாவனும் ஒரே மாதிரி சோம்பேறிங்க அம்மிணி."

அவர் என்னோடு வாதாடவில்லை. மறுநாள் மேட்டுப்பாளையம் போய், ஒரு வேனில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து ஏறி வந்தார். அந்த வளைவில் காது அடைத்தது. மலை ஏறுகிற எல்லாரும் செய்வதுபோல வாயை ஆவென்று திறந்து காதை விடுவித்துக்கொண்டார். மெஷின் எட்டிப் பார்த்து, ஓய்வு எடுக்கும்படி அவருக்கே புத்தி சொன்னது. ஆபீசுக்கு வந்ததும் ஒரு நோட்டை எடுத்து முதல் வரியை எழுதினார். வளைவின் பெயர், மாதம், மணி, வெளியே என்ன.

அதற்கப்புறம் நோட்டு நிறைய ஆரம்பித்தது. கண்ணாடியில் படியும் ஆவியைக் கையால் துடைத்தால் மெஷினுக்கு அது போன் பேசுவது. குளிருக்கு மங்கி கேப்பை இழுத்து விட்டால் வண்டியில் டிரைவரே இல்லை. ஜனவரியில் கேத்திப் பக்கம் காலை வெயில் நேராக முகத்தில் அடிக்கும்போது கண்ணைச் சுருக்கினால் ஆள் தூங்குகிறான். இதையெல்லாம் எழுதி ஹெட் ஆபீசுக்கு அனுப்பினார். அங்கே எங்கள் மேனேஜர் ஒரே ஒரு தடவை மலை ஏறியவர். ஐந்தாவது கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுத்துத் திரும்பிப் போனவர், அதிலிருந்து மலையைக் கீழிருந்தே நிர்வாகம் செய்தார். மேடம் அனுப்பியதைப் படித்துவிட்டு, "மலையில இத்தனை இருக்குதுங்களா?" என்றார். அடுத்த மாதம் பாதிச் சிவப்பு பச்சையாகிவிட்டது.

இந்தப் புத்தி ஆபீசோடு நிற்கவில்லை. கீழே பேக்கரிக்காரர் வீட்டில் தோசை மாவு புளிக்காததற்கு மாமியார் மருமகளைப் பிடித்துக் காய்ச்சிக்கொண்டிருந்தார். மேடம் மாடிப்படியில் இறங்கிப் போய், "பொண்ணு மேலயும் தப்பில்ல, உளுந்து மேலயும் தப்பில்லம்மா. இந்தக் குளிர்ல மாவு எப்படிப் பொங்கும்?" என்று கால்மணி நேரம் விளக்கினார். மாமியார் சமாதானமானாரா தெரியாது. மருமகள் அன்றிலிருந்து எங்களுக்கு வர்க்கி பிஸ்கட்டைச் சூடாகக் கொடுத்தாள்.

நான் லேட்டாக வந்தால் தலை நிமிராமல், "வெலிங்டன் பக்கம் ரோடு ஈரமா அண்ணா?" என்பார். நான் தூங்கிவிட்டு வந்திருப்பேன். ஈரம்தான் என்பேன். அவர் உடனே நோட்டில் குறித்துக்கொள்வார். அந்த நோட்டில் பொய்யான வரிகள் இருந்தால் அவை முழுக்க என்னுடையவை.

இப்படி எல்லாருக்கும் சாக்குத் தேடிக் கொடுத்தால் டிரைவர்கள் தலையில் ஏறிவிடுவார்கள் என்று நான் எச்சரித்தேன். ஒருநாள் ஒரு டிரைவர் வண்டியைக் கொண்டுபோய்த் தேயிலைப் பாத்திக்குள் நிறுத்திவிட்டார். நல்லவேளை, ஆள் யாரும் ஏறியிருக்கவில்லை. மேடம் வழக்கம்போல டீ வாங்கிக் கொடுத்து, "வெளிய என்ன இருந்துச்சு?" என்றார். காட்டெருமை என்று சொல்லியிருந்தால் அவர் எழுதிக்கொண்டிருப்பார். அந்த ஆள் டம்ளரையே பார்த்துக்கொண்டு, "வெளிய ஒண்ணுமே இல்லீங்க மேடம். நாந்தான் போனுல வீடியோ பாத்துட்டு வந்தேன்" என்றார். இருபது வருஷத்தில் என்னிடம் ஒரு டிரைவர் இப்படி ஒப்புக்கொண்டது கிடையாது. எனக்குப் பொறாமையாக இருந்தது.

திரையில் தெரியாததைத் தெரிந்துகொள்ள அவர் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார். வழி நெடுக ஆட்களைப் பிடித்து வைத்திருந்தார். ஒரு பள்ளிக்கூட ஆயா, ஒரு கோயில் பூசாரி, கேரட் கழுவும் இடத்து வாட்ச்மேன், பிக்கட்டி வழியில் ஒரு வளைவில் டீக்கடை வைத்திருந்தவர். யாரையும் நேரில் பார்த்ததில்லை, எல்லாம் போன் பழக்கம்தான். தினமும் காலையில் கூப்பிட்டு, பனிமூட்டம் எப்படி என்று கேட்பார். முதலில் ஆளுக்கொரு பதில் வந்தது. பூசாரிக்கு எந்த மூட்டமும் லேசு. ஆயாவுக்கு எல்லாமே பயங்கரம். அதனால் ஒவ்வொருவருக்கும் பார்த்துச் சொல்ல ஓர் அடையாளம் கொடுத்தார். டீக்கடைக்காரருக்கு எதிர்மேட்டில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி.

"தொட்டி தெரியுதாங்க?"

"தெரியுதுங்க மேடம். மூடி மட்டும் தெரியலீங்க."

மூடி தெரியாவிட்டால் நடுத்தரம், தொட்டியே தெரியாவிட்டால் கடுமை. இதை ஒரு ஷீட்டில் நிரப்பி ஹெட் ஆபீசுக்கு அனுப்புவோம். மேனேஜர் அதைப் படித்துவிட்டுக் கோயமுத்தூர் வெயிலில் உட்கார்ந்துகொண்டு ஜாக்கிரதை என்று பதில் போடுவார்.

யோகராஜ் விஷயத்துக்கு வருகிறேன். பிக்கட்டிப் பக்கம் பெண்களை ஏற்றிக்கொண்டு வந்து, கேத்திப் பக்கம் ஒரு தையல் கம்பெனியில் இறக்கும் வண்டி அவருடையது. அமைதியான மனிதர். ஹாரன்கூட மெதுவாக அடிப்பார். அவருக்கு இரண்டு மாதம் தொடர்ந்து சிவப்பு விழுந்து, மூன்றாவது மாதமும் சிவப்பில் போய்க்கொண்டிருந்தது. பனிமூட்டம் இருக்கிற நாளெல்லாம் காலை ஏழே முக்காலுக்கு, அந்த டீக்கடை வளைவில், வெடுக்கென்று பிரேக். கேமராவில் பார்த்தால் திரை முழுக்க வெள்ளை. மற்ற வண்டிகளும் அதே மூட்டத்தில் அதே வளைவில் போகின்றன, அவற்றுக்கு ஒன்றும் இல்லை.

கூப்பிட்டு விசாரித்தேன்.

"ஏனப்பா, தெனமும் அங்க என்ன உனக்கு?"

"ஒரு ஆளு நிக்குதுங்க சார்."

"ஆளா?"

"வெள்ளையா, நடு ரோட்டுல. ஒரு கைய இப்பிடிக் காதுகிட்ட வெச்சிருக்கும். பிரேக்கப் போட்டு நிமிந்து பாத்தா இருக்காது."

அவர் சொல்லக் கூச்சப்பட்ட மிச்சத்தை வண்டியில் வரும் பெண்கள் சொன்னார்கள். அது அந்த வளைவில் எப்போதோ விழுந்து செத்தவர் என்பது அவர்கள் முடிவு. செத்துப்போன தன் மாமனார்தான் என்று ஒரு பெண் அடையாளமே சொன்னார். எல்லாரும் சேர்ந்து எலுமிச்சம்பழ மாலை வாங்கி வண்டிக்குள் கட்ட, அது கேமராவை மறைக்க, அதற்கும் ஒரு சிவப்பு விழுந்திருந்தது.

நான் சிரித்தேன். யோகராஜ் சிரிக்கவில்லை.

"சார், எஞ் சம்சாரம் பேரு எஸ்டேட்டுல இருக்கிறதாலதான் அவங்க குடுத்த அந்த லைன் வீடு. நான் கீழ போனா அவ கூட வர முடியாது. ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இங்க படிக்குதுங்க. எங்கப்பாவ சிலோன்லேருந்து கப்பல்ல ஏத்திக் கொண்டாந்து இங்க எறக்குனாங்க. இப்ப என்னைய இங்கேருந்து எறக்கப் போறீங்க."

பார்க்கலாம் என்றேன். மேடம் அவர் போகும்வரை காத்திருந்து என்னிடம் சொன்னார்.

"அவரு பொய் சொல்ல மாட்டாரு அண்ணா. அங்க என்னமோ நிக்குது."

உடனே டீக்கடைக்காரருக்குப் போன் போட்டார். அந்த வளைவில் காலையில் யாராவது நடுரோட்டில் நிற்கிறார்களா என்று கேட்டார். "ஒரு ஈ காக்கா இல்லீங்க மேடம். தெனமும் நானே நின்னு பாக்கறனுங்களே" என்றார் அவர். மேடம் நோட்டில் எழுதிக்கொண்டார்: ஈ காக்கா இல்லை.

மாதம் முடிய நான்கு நாள் இருந்தது. ஒருநாள் கூடவே போய்ப் பார்த்துவிடலாம் என்றார். நானும் கிளம்பினேன். அவருக்கு வெளியே இருப்பதைப் பார்க்கவேண்டும். எனக்கு யோகராஜ் தூங்குவதைப் பார்க்கவேண்டும்.

பிக்கட்டியில் ஏறினோம். மேடம் முன்சீட்டில், நான் பின்னால் தையல் கம்பெனிப் பெண்கள் நடுவில் டிபன் கேரியர் இடிக்க உட்கார்ந்திருந்தேன். நல்ல மூட்டம். யோகராஜ் தூங்கவில்லை. இமைகூடத் தட்டாமல் ஓட்டினார், எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது. வளைவு நெருங்க நெருங்கப் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவர் முணுமுணுவென்று சாமி பெயரைச் சொல்ல ஆரம்பித்தார்.

மணி ஏழே முக்கால். மேடம் கைப்பையைத் திறந்து போனை எடுத்தார். ஷீட் நிரப்பும் நேரம், வண்டியில் இருந்தாலும் வேலை வேலைதானே. டீக்கடைக்காரரைக் கூப்பிட்டு, சத்தத்தில் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"தொட்டி தெரியுதாங்க?"

"கடைக்குள்ள இருந்து தெரியலீங்க மேடம். இருங்க, நல்லாப் பாத்துச் சொல்றேன்."

வண்டி வளைவில் திரும்பியது. நடுரோட்டில் வெள்ளையாக ஓர் உருவம் நின்றது. ஒரு கை காதோரம் இருந்தது. யோகராஜ் பிரேக்கின் மேல் ஏறி நின்றார். பெண்கள் என் மேல் விழுந்தார்கள். மெஷின் இங்கிலீஷில் கண்டித்தது. அது கண்டித்து முடித்ததும் மேடத்தின் போனிலிருந்து நிதானமாக ஒரு குரல் வந்தது.

"தெரியலீங்க மேடம். ஒரு வேனு வந்து மறைச்சுக்கிச்சு."

வெள்ளைக் கம்பளி, வெள்ளைக் குல்லா. வண்டிக்கும் அவர் வேட்டிக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தால் அதிகம். மூட்டமில்லாத நாளில் கடைக்குள்ளிருந்தே தொட்டி தெரியும். மூட்டம் இருந்தால்தான் அந்த மனிதர் மேடத்துக்குச் சரியாகச் சொல்லவேண்டுமே என்று, தொட்டி நேராகத் தெரிகிற ஒரே இடமான நடுரோட்டுக்கு வந்து நின்றிருக்கிறார். பார்த்ததும் கடைக்குள் போய்விடுவார். பிரேக் சத்தத்தை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வளைவென்றால் வண்டிகள் பிரேக் அடிக்கத்தானே செய்யும் என்று பிறகு சொன்னார்.

பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மாமனாரை அடையாளம் சொன்னவரை விடவே இல்லை. யோகராஜ்கூட ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தார், அழுதாரோ என்னவோ. மேடம் சிரிக்கவில்லை. போனைப் பைக்குள் போட்டுவிட்டு முதல் ஆளாக இறங்கினார்.

டீக்கடைக்காரருக்கு ஒரே சந்தோஷம். "நீங்கதானுங்களா மேடம்? கொரலக் கேட்டு வயசானவங்கன்னு நெனச்சேன்" என்று எல்லாருக்கும் டீ ஆற்றினார். இனிமேல் ரோட்டுக்கு வரவே கூடாது என்று மேடம் அவரிடம் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார். அவர் முகம் வாடிவிட்டது.

"முன்ன ஆறு மணிக்குக் கூப்புடுவீங்க. அப்ப ரோட்டுல வண்டியே இருக்காதுங்க. இப்பத்தான் இந்த நேரமாப் போச்சு" என்றார்.

நான் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். மேடம் ஆரம்பத்தில் ஆறு மணிக்கு வீட்டிலிருந்தே எல்லாரையும் கூப்பிட்டு முடித்துவிடுவார். ஷீட் மேனேஜருக்குப் போகும்போது சுடச்சுட இருக்கட்டும் என்று, மூன்று மாதத்துக்கு முன்னால் நேரத்தை ஏழே முக்காலுக்கு மாற்றியவன் நான். வண்டி வருகிற நேரம், வேண்டாம் அண்ணா என்று அவர் ஒரு தடவை சொன்னார். சொன்னதைச் செய்யுங்கள் அம்மிணி என்றேன்.

ஆபீசுக்கு வந்ததும் ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தார். கம்ப்யூட்டரில் வெளிக் காரணங்களின் பட்டியல் வரும்: மிஸ்ட் என்கிற மூடுபனி, மழை, விலங்கு, ரோடு, மற்றவை. நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"மிஸ்டுன்னு அமுத்திருங்க அம்மிணி. யோகராஜும் தப்பிச்சுக்குவான், நம்ம பேச்சும் வராது."

"மிஸ்டு என்ன அண்ணா பண்ணுச்சு, பாவம்."

மற்றவை என்பதைத் தேர்ந்தெடுத்து, "கண்காணிப்பு அறையிலிருந்து நான் செய்த போன்" என்று அடித்தார். அந்தக் கட்டத்தில் என் பெயருக்கும் இடம் இருந்தது. அவர் அதைக் காலியாக விட்டு அனுப்பினார்.

யோகராஜின் சிவப்பெல்லாம் அன்று சாயங்காலமே எடுக்கப்பட்டன. மறுநாள் மேனேஜர் என்னைப் போனில் கூப்பிட்டார். மேடம் நாலடி தள்ளித் தன் நாற்காலியில் இருந்தார்.

"ஏனுங்க, அந்தம்மா தன் தலையிலயே போட்டுக்கிட்டு எழுதியிருக்குது. ஒரு ஆளச் சாவக் குடுத்திருப்பமுங்க. அந்த நேரத்துல போன் பண்ணச் சொல்லி முடிவு பண்ணுனது நீங்களா, அந்தம்மாவா?"

எனக்கு ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருந்தது. குன்னூரில் வீடு பார்த்து, பையனைப் பள்ளியில் சேர்த்திருந்தேன்.

"அதெல்லாம் அந்த அம்மிணியே பாத்துக்குதுங்க" என்றேன்.

அடுத்த வாரம் அவரைக் கோயமுத்தூர் குடோனுக்கு மாற்றிவிட்டார்கள். ஜன்னல்கூட இல்லாத ஒரு ரூமில் வண்டி வரும் நேரம், போகும் நேரம் எழுதுகிற வேலை. பஸ் ஸ்டாண்டுவரை அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். எனக்கு வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டுவிடவேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தையை எடுத்து எடுத்துப் பார்த்தேன், எதுவும் சரியாக வரவில்லை. அவர் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியைத் தள்ளிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"மனசுல வெக்காதீங்க அண்ணா. அன்னிக்கு மேனேஜர் கேட்டப்ப உங்களுக்குத் தொண்டை கட்டியிருந்துச்சு, நான் பாத்தேன். இந்தக் கிளைமேட்டுக்கு யாருக்குமே கொரல் வராது."

பஸ் கிளம்பிப் போய்விட்டது. அன்றைக்கு என் தொண்டை நன்றாகத்தான் இருந்தது.